வெயிலில் இலை என்ன செய்கிறது?

சித்திரை மாதம். மதியம் ஒரு மணி. வெயில் சுடுகிறது. நாம் என்ன செய்வோம்? நிழலுக்குப் போவோம். தலையில் துண்டு போட்டுக்கொள்வோம். ஒரு சொம்பு தண்ணீர் குடிப்போம். தெரு நாய்கூட வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

செடி எங்கே போகும்? நட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். வெயிலோ மழையோ, அங்கேயேதான்.

அப்படியானால் செடி சும்மா நிற்கிறதா? இல்லை. அந்த நேரத்தில் இலைக்குள் பெரிய வேலை நடக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத வேலை. அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

பெங்களூரு குளிர்ந்த ஊர் என்று பெயர் வாங்கிய ஊர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் 2016 ஏப்ரலில் இங்கே வெப்பம் 39.2 டிகிரி வரை போனது. 2024 ஏப்ரலில் 38.5 டிகிரி. இது காற்றின் சூடு. மொட்டை மாடித் தளத்தின் சூடு இதைவிட அதிகம். செருப்பு இல்லாமல் கால் வைக்க முடியாது. ஆனால் செடிகளைத் தொட்டியில் வைத்து அங்கேதான் வளர்க்கிறோம்.

கதைக்காக ஒரு பெரியவரை வைத்துக்கொள்வோம். ரிச்சர்ட்ஸ் டவுனில் நாலைந்து வீடுகளுக்குத் தோட்டம் பார்க்கிறவர். ஒரு வீட்டு மாடியில் தக்காளி போடச் சொன்னார்கள். நர்சரியில் முப்பது நாற்று வாங்கினார். பச்சை வலைக்கு அடியில் வளர்ந்த நாற்று. தளதள என்று இருந்தது. அன்றைக்கே இருபத்திரண்டை மாடித் தொட்டிகளில் நட்டார். மீதி எட்டுக்குத் தொட்டி போதவில்லை. அவற்றைத் தட்டோடு கீழே வாசற்படி ஓரத்தில் வைத்தார். அங்கே புங்க மரத்து நிழல். காலை வெயில் மட்டும் சிறிது நேரம் விழும்.

மூன்றாம் நாள் மாடியில் பார்த்தார். இலைகள் வெளுத்திருந்தன. ஓரம் கருகியிருந்தது. ஒரு வாரத்தில் பதினேழு செடி போய்விட்டது. வீட்டுக்கார அம்மா, நாற்றுக் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்.

பெரியவருக்குக் காசு போனது ஒரு வருத்தம். காரணம் தெரியாதது அதைவிடப் பெரிய வருத்தம். அவருடைய பேத்தி கல்லூரியில் செடிகளைப் பற்றிப் படிக்கிறாள். இரவு சாப்பிடும்போது கேட்டார்.

"வேளா வேளைக்குத் தண்ணி விட்டேன் கண்ணு. அப்பவும் கருகிடுச்சே. வாசல்ல விட்ட எட்டும் நல்லாத்தான் இருக்கு. அதே நாற்றுதானே?"

"அதே நாற்றுதான் தாத்தா. தண்ணியில தப்பு இல்ல. இலைக்குள்ள என்ன நடந்ததுன்னு பார்க்கணும்."

நாமும் அவளோடு இலைக்குள் போய்ப் பார்ப்போம்.

இலை ஏன் பச்சையாக இருக்கிறது? இலை முழுவதும் சின்னச் சின்ன அறைகள். அவற்றுக்குச் செல் என்று பெயர். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சை நிற மணிகள் பல இருக்கின்றன. அவற்றுக்குப் பசுங்கணிகம் என்று பெயர். மிகவும் சிறியவை. சுமார் 200 மணிகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்.

இந்தப் பசுங்கணிகம்தான் செடியின் அடுப்படி. வெளிச்சம் விறகு மாதிரி. வேர் அனுப்பும் தண்ணீரும் காற்றில் உள்ள கரியமில வாயுவும் சமையல் சாமான். சர்க்கரைதான் சாப்பாடு. நாம் தின்னும் அரிசி, ராகி, கீரை எல்லாவற்றுக்கும் தொடக்கம் இந்த அடுப்படிதான்.

இந்த அடுப்படியில் வேலை செய்வது யார்? புரதங்கள்.

புரதம் என்றால் பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் சத்து என்று கேட்டிருப்பீர்கள். அது சரிதான். ஆனால் உயிருள்ள செல்லுக்குள் புரதம் ஒரு வேலையாள். ஒரு புரதம் வெளிச்சத்தைப் பிடிக்கும். ஒன்று தண்ணீரைப் பிளக்கும். இன்னொன்று கரியமில வாயுவைச் சேர்க்கும்.

புரதம் ஒரு நீண்ட நூல் போன்றது. அந்த நூல் ஒரு குறிப்பிட்ட விதத்தில் மடிந்து சுருண்டு இருக்கும். அந்த மடிப்பு சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும். பூட்டுக்குச் சாவி போல. சாவி வளைந்தால் பூட்டு திறக்குமா?

சூடு ஏறினால் இந்த மடிப்பு கலைகிறது. கலைந்த நூல்கள் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்கின்றன. கட்டியாகின்றன. முட்டையை அவிக்கும்போது நீங்கள் பார்ப்பது இதைத்தான். தண்ணீர் போல ஓடிய வெள்ளைக் கரு சூட்டில் கெட்டியாகிறது. ஆறவைத்தாலும் பழையபடி ஆகாது.

"அப்ப நம்ம இலை அவிஞ்சு போச்சுன்னு சொல்றியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் தாத்தா. ஆனா அவியறதுக்கு முன்னாடியே அடுப்படி நின்னுபோயிடும்."

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எல்லாப் புரதமும் ஒரே சூட்டில் கெடுவதில்லை. பசுங்கணிகத்தில் இரண்டு இடம் மிகவும் மென்மையானவை. ஒன்று, வெளிச்சத்தைக் கொண்டு தண்ணீரைப் பிளக்கும் இடம். மற்றொன்று ஒரு உதவியாள் புரதம். கரியமில வாயுவைப் பிடிக்கும் புரதத்துக்கு ரூபிஸ்கோ என்று பெயர். அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுத்துவிட ஒரு உதவியாள் உண்டு. பல பயிர்களில் 35 டிகிரியைத் தாண்டினாலே இந்த உதவியாள் தளர்ந்துவிடுகிறான். ரூபிஸ்கோ நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடைப்பெடுக்க ஆள் இல்லை. வேலை நிற்கிறது.

சமையல் நின்றுவிட்டது. வெளிச்சம் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பாத்திரம் இல்லாத அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அந்தக் கதைதான். பயன்படாத வெளிச்சம் பசுங்கணிகத்தைத் தாக்குகிறது. பச்சை நிறம் போகிறது. இலை வெளுக்கிறது. பெரியவர் மூன்றாம் நாள் பார்த்த வெளுப்பு இப்படி வந்ததுதான்.

சரி. செடிக்குத் தற்காப்பு இல்லையா?

இரண்டு தற்காப்பு உண்டு. முதலாவது தண்ணீர். இலையின் அடியில் மிகச் சிறிய துளைகள் உள்ளன. அவற்றின் வழியாக நீர் ஆவியாகிறது. நமக்கு வியர்வை போல. அதனால் இலை குளிர்கிறது. மண் காய்ந்தால் செடி துளைகளை மூடிக்கொள்ளும். உடனே இலையின் சூடு ஏறும். எனவே தண்ணீர்தான் முதல் மருந்து. இதில் பேச்சே இல்லை.

இரண்டாவது தற்காப்புதான் நம் பாடம். சூடு ஏறியதும் செடி சில புதிய புரதங்களைச் செய்கிறது. மற்றப் புரதங்களைக் காப்பதுதான் அவற்றின் வேலை. விஞ்ஞானிகள் வைத்த பெயர் வெப்ப அதிர்ச்சிப் புரதம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நாம் காப்புப் புரதம் என்றே சொல்வோம்.

இது முதலில் தெரியவந்தது செடியில் அல்ல. ஈயில்! பழத்தை மொய்க்கும் சின்ன ஈயை வைத்து இத்தாலியில் ரிட்டோசா என்ற விஞ்ஞானி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈக்கள் இருந்த பெட்டியின் சூடு தற்செயலாகக் கூடிவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் அவற்றைத் தூக்கி எறிந்திருப்பார். இவர் உருப்பெருக்கியில் பார்த்தார். சூடு பட்ட செல்லில், வழக்கமாக அடங்கிக் கிடக்கும் சில பகுதிகள் விழித்துக்கொண்டதைக் கண்டார். இது 1962-ல் அச்சில் வந்தது. பிறகு மனிதர், மாடு, நுண்ணுயிர் எல்லாவற்றிலும் இதே ஏற்பாடு இருப்பது தெரிந்தது. 1981-ல் அமெரிக்காவில் சோயா நாற்றுகளில் இதை விரிவாகக் காட்டினார்கள்.

காப்புப் புரதங்களில் பல சாதிகள் உண்டு. அவை செய்யும் வேலையைப் பார்த்தால் நமக்கே வியப்பாக இருக்கும்.

சிறியவை சில. மடிப்பு கலையத் தொடங்கும் புரதத்தை இவை ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கின்றன. மற்றதோடு சிக்காமல் தனியே வைக்கின்றன. இவை சரிசெய்வதில்லை. பிடித்து நிறுத்துவதோடு சரி. கூட்டத்தில் குழந்தையைக் கைபிடித்து நிறுத்தும் அக்காவைப் போல.

பீப்பாய் போல ஒரு வகை உண்டு. கலைந்த புரதம் அதன் உள்ளே போகும். மூடி விழும். உள்ளே தொந்தரவு இல்லாமல் நூல் மறுபடி சரியாக மடியும். பிறகு மூடி திறக்கும்.

இன்னொன்று வளையம் போன்றது. நடுவில் துளை. ஏற்கெனவே சிக்கிக் கட்டியாகிப் போனதிலிருந்து ஒரு நூலைப் பிடித்து, அந்தத் துளை வழியாக இழுத்து எடுக்கும். ஊசியில் நூல் கோப்பது போலத்தான். அவித்த முட்டையை நாம் பச்சை முட்டை ஆக்க முடியாது. ஆனால் செல்லுக்குள் கட்டியான புரதத்தில் கொஞ்சத்தையாவது இந்த வளையம் மீட்டுவிடுகிறது! டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அனில் குரோவர் என்பவரின் குழுவினர் இந்த வகைப் புரதத்தைப் பாசுமதி நெல்லில் கூடுதலாகச் செய்யவைத்தார்கள். அந்த நெல் சூட்டை நன்றாகத் தாங்கியது. 2003-ல் இதை வெளியிட்டார்கள்.

பசுங்கணிகத்துக்கு என்றே தனியாக ஒரு சிறிய காப்புப் புரதம் உண்டு. சாதாரண நாளில் இலையில் தேடினாலும் அநேகமாகக் கிடைக்காது. சூடு வந்தால் உடனே தோன்றும். இது பசுங்கணிகத்துக்கு வெளியே செய்யப்படுகிறது. பிறகு உள்ளே அனுப்பப்படுகிறது. பசுங்கணிகத்தின் உள்ளே தோசைகளை அடுக்கியது போலப் பச்சைத் தட்டுகள் இருக்கின்றன. வெளிச்சத்தைப் பிடிப்பதும் தண்ணீரைப் பிளப்பதும் அங்கேதான். நாம் முன்பு சொன்ன மென்மையான இடம். சிறிய காப்புப் புரதம் அங்கே போய் நிற்கிறது. 1998-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். எந்தச் செடியின் இலையை எடுத்தார்கள் தெரியுமா? தக்காளி.

"எல்லாம் சரி கண்ணு. இவ்வளவு ஆள் உள்ளே இருந்தும் என் தக்காளி ஏன் செத்துச்சு?"

நல்ல கேள்வி. பதில், ஆள் உள்ளே இல்லை என்பதுதான். கூப்பிட்டால்தான் வருவார்கள். வந்து சேர நேரம் வேண்டும்.

கூப்பிடுவது யார் என்று பாருங்கள். செல்லுக்குள் ஒரு மணியடிக்கும் புரதம் இருக்கிறது. சாதாரண நாளில், செல்லில் எப்போதும் இருக்கும் சில காப்புப் புரதங்கள் இதன் கையைப் பிடித்துக்கொண்டே நிற்கும். மணியடிக்க விடாது. சூடு வருகிறது. அங்கும் இங்கும் புரதங்கள் கலைகின்றன. பிடித்துக்கொண்டிருந்தவை அவற்றைக் காப்பாற்ற ஓடுகின்றன. கை விடுபட்டதும் இது போய் மணியடிக்கிறது. புதிய காப்புப் புரதங்களைச் செய்யும் வேலை தொடங்குகிறது. எல்லாம் சரியானதும் பழையவை திரும்பி வந்து இதன் கையைப் பிடித்துக்கொள்ளும். மணி நிற்கும். சொல்லிக்கொடுக்க யாருமே இல்லாமல் நடக்கும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

எப்போதும் மணியடித்துக்கொண்டே இருந்தால் என்ன? செடிக்குக் கட்டாது. புரதம் செய்ய உணவு செலவாகும். காவலுக்கே எல்லாம் போனால் வளர்ச்சிக்கு மிச்சம் இருக்காது.

இப்போது நாற்றுக்கு வருவோம். பச்சை வலைக்கு அடியில் அது கடும் வெயிலைப் பார்த்ததில்லை. ஒரே நாளில் சுடும் மாடியில் வைத்தோம். மணியடித்து, ஆள் வந்து சேர்வதற்குள் அடுப்படி கெட்டுவிட்டது. வாசற்படி நாற்றுக்கு அப்படி இல்லை. தினமும் கொஞ்சம் வெயில். கொஞ்சம் சூடு. உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் காவல் சேர்ந்தது. இலையும் தடித்தது. மேல்தோலின் மெழுகும் கூடியது. எல்லாப் பெருமையும் காப்புப் புரதத்துக்கே என்று சொல்லக் கூடாது. அதற்கும் அதில் பங்கு உண்டு.

இதை நம் ஊரிலேயே சோதித்தவர்கள் இருக்கிறார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஹெப்பாள் வழியாகப் பல்லாரி சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வரும். ஜி.கே.வி.கே. என்றால் பஸ் கண்டக்டருக்குத் தெரியும். அங்கே பயிர் உடலியல் துறையில் பேராசிரியர் உதயகுமாரும் அவருடன் இருந்தவர்களும் சூரியகாந்தி நாற்றுகளைச் சோதித்தார்கள்.

அவர்கள் முறை எளிது. நாற்றைத் திடீரென்று கொல்லும் சூட்டில் வைத்தால் செத்துவிடும். முதலில் மெல்ல மெல்லச் சூட்டை ஏற்ற வேண்டும். அதன் பிறகு கொல்லும் சூட்டில் வைக்க வேண்டும். அப்போது சில நாற்றுகள் பிழைக்கும். ஒரே வகை விதையிலும் சில பிழைக்கும், சில சாகும். பிழைத்ததை எடுத்து வளர்த்து விதை எடுத்தார்கள். அந்தச் செடிகளிலும் அவற்றின் பிள்ளைகளிலும் காப்புப் புரதங்கள் அதிகமாகத் தோன்றியதைக் கண்டார்கள். 1999-ல் இந்த ஆய்வு அச்சானது. இதே முறையில் நல்ல தாய் தந்தைச் செடிகளைத் தேர்ந்தெடுத்து, சூடு தாங்கும் கலப்பினச் சூரியகாந்தி உருவாக்கும் வேலையை 2003-ல் வெளியிட்டார்கள்.

மெல்லச் சூடேற்றாமல் நேராகக் கொல்லும் சூட்டில் வைத்திருந்தால், நல்ல நாற்று எது என்றே தெரிந்திருக்காது. எல்லாம் செத்திருக்கும்.

"அப்ப, ஒரு தடவை பழகிட்டா போதுமா? அப்புறம் மறந்துடாதா?"

மறந்துவிடும். ஆனால் உடனே அல்ல. ஜெர்மனியில் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் பார்த்தார்கள். சூடு போன பிறகும் பசுங்கணிகத்தின் சிறிய காப்புப் புரதம் சில நாள் தங்குகிறது. அது இருக்கும்வரை செடி அடுத்த சூட்டைத் தாங்குகிறது. பிறகு பசுங்கணிகத்தில் உள்ள ஒரு வெட்டும் புரதம் அதைத் துண்டாக்கிவிடுகிறது. 2016-ல் இது வெளியானது. ஆகவே நாற்றைப் பழக்கிவிட்டு மறுபடி ஒரு மாதம் நிழலில் வைத்தால் பழகியது வீண்.

காவலுக்கும் எல்லை உண்டு. சூடு மிக அதிகமானால் எதுவும் நிற்காது. பூவின் மகரந்தத்துக்கு இந்தத் தற்காப்பு இலையைவிடக் குறைவு. அதனால்தான் கோடையில் தக்காளிச் செடி பச்சையாக இருக்கும், ஆனால் பூ உதிர்ந்து காய் பிடிக்காது. அதற்கு மதிய நேரத்தில் பச்சை வலை கட்டுவதே வழி.

இன்னொன்று. இந்தப் புரதத்தை பாட்டிலில் விற்கிறோம், தெளித்தால் போதும் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். இது செடி தன் செல்லுக்குள் தானே செய்துகொள்வது. வெளியே தெளித்தால் உள்ளே போகாது.

பெரியவர் என்ன செய்தார்? வாசற்படி நாற்று எட்டும் பத்து நாளுக்குப் பிறகு மாடிக்குப் போயின. சாயங்காலம் நட்டார். எட்டில் ஏழு நின்றது. அதோடு வீட்டுக்கார அம்மாவிடம் பேசினார்.

"அம்மா, நாற்றைப் பழக்காம நட்டதுதான் தப்பாப் போச்சு. பத்து நாள் கீழே வெச்சு எடுத்தேன், பாருங்க எப்படி நிக்குதுன்னு. இனிமே எந்த நாற்று வாங்கினாலும் பத்து நாள் டைம் கொடுங்கம்மா."

அந்த அம்மா செடிகளைப் பார்த்தார். பாதிக் காசை மட்டும் பிடித்துக்கொண்டார். பத்து நாளுக்கும் சம்மதித்தார்.

நீங்களும் செய்து பாருங்கள்

தக்காளி, கத்திரி, மிளகாய் எதுவானாலும் சரி. நிழலில் வளர்ந்த நாற்று எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நான்கை நேராக வெயிலில் நடுங்கள். நான்கைப் பழக்குங்கள்.

முதல் இரண்டு நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம். அடுத்த இரண்டு நாள் இரண்டு மணி நேரம். பிறகு மூன்று, நான்கு என்று கூட்டுங்கள். கடைசியாகத்தான் மதிய வெயில். இலை துவண்டால் ஒரு நாள் நிறுத்துங்கள். பழக்கும் நாளிலும் தண்ணீரைக் குறைத்து வாட்ட வேண்டாம். வெயிலில் கிடந்த டியூப்பில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். அதைக் கீழே விட்டுவிட்டு, கையில் பட்டுப் பார்த்து, பிறகு செடிக்கு விடுங்கள்.

ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். இப்படி எழுதலாம்:

தேதி. எத்தனை மணி நேரம் வெயில். இலையின் நிறம். துவண்டதா, நிமிர்ந்ததா. எத்தனை செடி உயிரோடு இருக்கிறது.

பதினைந்து நாள் எழுதிய பிறகு நோட்டை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் இருப்பவரின் நோட்டோடு சேர்த்துப் படியுங்கள்.